கட்டளையைப் பகுத்தறிதல்

செய்யுளைப் பயில்வோர் முதலில் பதம் பிரிப்பர். பின்னரே பொருள் கொள்வர். கணிப்பொறியும் தனக்கு இடப்படும் கட்டளையை அவ்வாறே பிரித்தறிதல் வேண்டும்.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் கட்டளைகளை எழுத்தால் இடுவர். முதற்சொல் செய்யவேண்டிய வினையை உணர்த்தும். சிறு கோட்டினை முன்னே பெற்று வருவது, அவ்வினை நிகழவேண்டிய முறையை உணர்த்தும்; அது விருப்பத்தேர்வு எனப்படும். எஞ்சியவை பெரும்பாலும் கோப்புகளின் பெயர்களாம்.

இவற்றை ஒவ்வொரு நிரலும் தன் போக்கில் பிரித்தால் குழப்பமே விளையும். ஆதலின், அனைத்து நிரல்களுக்கும் உதவும் கெட்டாப்ட் என்னும் பொதுச் செயற்கூறு அமைக்கப்பட்டது. அதன் மூலநிரலை 1985ஆம் ஆண்டில் ஏ.டி.&டி. நிறுவனத்தார் யாவர்க்கும் பொதுவாக்கினர்.

கோப்பின் பெயரே சிறு கோட்டுடன் தொடங்கினால் என்னாகும்? அழித்தற் கட்டளையில் '-ஆர்' என்பது, கோப்புறைகளையும் அவற்றின் உள்ளிருப்பனவற்றையும் அழிக்க ஏவும் விருப்பத்தேர்வாகும். அப்பெயருடைய கோப்பு இருப்பதை அறியாது, 'அனைத்தும்' எனப் பொருள்படும் உடுக்குறியை இட்டு ஒருவர் அழிக்கப் புகுந்தால், அப்பெயர் ஏவலாகக் கொள்ளப்படும். காக்கவேண்டிய கோப்புறைகளும் அழிந்துபடும்.

இதனைத் தடுக்கப் பெயர்களுக்கு முன் இரு சிறு கோடுகளை இடுதல் வேண்டும். 'தேர்வுகள் முடிந்தன, இனி வருவன பெயர்களே' என்பது அவற்றின் பொருள். ஐயமறக் கூறுதல், மாந்தரோடு பேசுங்கால் மட்டுமன்றிப் பொறியை ஏவுங்காலும் வேண்டுவதாம்.