கப்பலும் கடற்கரை மணலும்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புதுவைக்கு வந்தும், பயணிகளை இறக்க அரசின் அனுமதி கிடைக்காமல் திரும்பிச் சென்றது. அம்மாதந்தான் சென்னையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதன் பயணத்தைத் தொடங்கி வைத்திருந்தார். கப்பலில் சூதாட்ட அரங்கு உண்டு, அதனால் நம் பண்பாடு கெடும் என்பதே இங்கு எழுந்த எதிர்ப்பு. மூன்றாண்டு கழித்து, 2025 ஜூலை 4-ஆம் நாள் அதே கப்பல் மீண்டும் வந்தது. இம்முறை அனுமதி இருந்தது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகுகளில் கரையேறி ஊரைப் பார்த்துத் திரும்பினர்.

இதைப் பற்றி நம் கல்லூரி மரத்தடியில் நடந்த வாதங்களில் நானும் கலந்துகொண்டேன். ஒரு சாரார் பண்பாடு என்றனர். மறுசாரார் வருமானம் என்றனர். கப்பல் எவ்வளவு பெரியது, ஆண்டுக்கு எத்தனை முறை வரலாம், எங்கே நிற்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. நானுந்தான் கேட்கவில்லை.

பிற நாட்டு நகரங்கள் கேட்டவை இந்தக் கேள்விகளையே. இத்தாலியின் வெனிஸ் நகரில், 25,000 டன் கொள்ளளவையோ 180 மீட்டர் நீளத்தையோ மிஞ்சிய கப்பல்கள் 2021 ஆகஸ்டு முதல் நகரின் நடுக் கால்வாயில் செல்லக்கூடாது என்று அரசு ஆணையிட்டது. நம் ஊருக்கு வந்த எம்பிரஸ் ஏறத்தாழ 48,000 டன். நீளம் 210 மீட்டர். வெனிஸின் அந்தக் கால்வாயில் அதற்கு இடமில்லை. குரோவேஷிய நாட்டின் துப்ரோவ்னிக் நகரம் ஒரே வேளையில் இரு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்றது. அலாஸ்காவின் ஜூனோ நகரம் நாளொன்றுக்கு ஐந்து கப்பல் என வரம்பு கட்டியது. அங்கெல்லாம் கப்பலை அளந்து பார்த்தார்கள். நாம் சீட்டுக்கட்டை மட்டும் பார்த்தோம்!

புதுவைக்கு இந்த அளவை ஏன் முக்கியம் என்பதைக் கடற்கரைச் சாலையில் நின்றாலே உணரலாம். நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் ஓரளவு தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. மணல் அவற்றின் தென்புறத்தில் தங்கிவிட்டது. வடபுறத்தில் நகரத்தின் கடற்கரை கரைந்தது, எஞ்சியவை கருங்கற்களே. கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடர்ந்து, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் கடந்து தமிழகத்துப் பொம்மையார்பாளையம் வரை மீனவர் குப்பங்களைத் தாக்கிற்று. படகு ஏற்ற மணலின்றி அம்மக்கள் பட்ட துன்பம் கணக்கில் அடங்காது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் இரும்புத் தடுப்பு அமைத்த பின்னரே காந்தி சிலைப் பக்கம் சிறிது மணல் திரும்பியது.

ஆகவே கப்பல் கடலில் நின்று படகில் ஆள் இறக்கியதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துக் கப்பல்களும் அப்படித்தான் நின்றன. சலங்குப் படகுகளே சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கின. 1866-இல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் வீழ்ந்தது. 1962-இல் வந்த புதிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் சரிந்தது. கப்பல்கள் பெருகினால், “படகு எதற்கு, கப்பலே கரையணையட்டும்” என்ற குரல் எழும். அதற்கு ஆழம் தோண்டவேண்டும், சுவரை நீட்டவேண்டும். வைத்திக்குப்பத்தார் அந்தக் கணக்கை முன்பே ஒருமுறை கட்டிவிட்டார்கள். கப்பல்கள் அரிதாக வரும் இக்காலத்திலேயே எத்தனை, எவ்வளவு பெரியது, கரையிலிருந்து எவ்வளவு தொலைவு என்ற மூன்றையும் அனுமதி ஆணையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.