சுவர் இருந்தால்தான் சித்திரம்: வீட்டுக் கணிப்பொறிக்கு உறுப்புகளைத் தேர்வது எப்படி?

1973-ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அத்தகைய பொறிகளுக்குக் குளிரூட்டப்பட்ட தனி அறையும், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களும் இருந்தனர். இன்று அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த பொறி நம் மேற்கு மாம்பலத்து வீடுகளில் பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. ஆனால் அதற்குக் குளிரறை இல்லை, பணியாளர் இல்லை. கோடை வெப்பமும், தெருப் புழுதியும், ஏறி இறங்கும் மின்சாரமும், வெதுவெதுப்பைத் தேடி உள்ளே நுழையும் பல்லியுமே அதற்குத் துணை. எனவே உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதே உறுதியானவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நம் கடமையாகிறது.

மேனிலை வகுப்பு முடிக்கும் மாணவியரும் அவர்தம் பெற்றோரும் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி, “டீச்சர், எந்தக் கணிப்பொறி வாங்கலாம்?” என்பதே. வேகமானது எது என்று கேட்பவர் பலர். நீடித்து உழைப்பது எது என்று கேட்பவர் சிலர். நானும் ஒரு காலத்தில் முதல் வகையைச் சேர்ந்தவள்தான். அதற்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அனுபவம்

வேகமான பிராசசர் வேண்டும் என்று அதற்கே பணத்தையெல்லாம் செலவிட்டு, மீதிக்கு “கேபினட்டோடு சேர்ந்து வருகிறதே, போதும்” என்று மலிவான பவர் சப்ளையை ஏற்றுக்கொண்டேன். என் தந்தையார் தம் இளமைக் கால நினைவுகளை மாலை வேளைகளில் சொல்லச் சொல்ல, இரண்டு ஆண்டுகள் அந்தப் பொறியில் தட்டச்சு செய்து வந்தேன். 2012-இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்தடை இருந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நாள் மின்சாரம் திரும்பி வந்த நொடியில் ‘பட்’டென்று ஓர் ஓசை, கருகிய வாடை. பவர் சப்ளை தான் எரிந்ததோடு நில்லாமல் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது. அப்போது தந்தையார் மறைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பொறியை மீண்டும் வாங்கிவிட்டேன். அந்தப் பக்கங்களை வாங்க எந்தக் கடைக்குப் போவேன்?

ஆகவே மாணவியரே, கணிப்பொறியின் விலை வேறு, அதனுள் இருப்பதன் விலை வேறு என்பதை முதற் பாடமாகக் கொள்வோம்.

1. பவர் சப்ளை

கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கப்படும் இந்தப் பெட்டி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. மற்ற உறுப்புகள் யாவும் இதன் கையால்தான் உண்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இதுவே அந்தச் சுவர்.

பெட்டியின் மேல் “500 வாட்” என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசர் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. இயற்பியல் வகுப்பில் படித்த சூத்திரம் இங்கே உதவுகிறது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 16 = 192 வாட் மட்டுமே. 35 ஆம்பியர் என்றிருந்தால் 420 வாட். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு என்பது விளங்குகிறதல்லவா?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத படிப்புக் கணிப்பொறி கடுமையாக உழைக்கும்போதும் ஏறத்தாழ 150 வாட்டுக்குள் அடங்கும். நல்ல தயாரிப்பான 450 வாட் பவர் சப்ளை இதற்குத் தாராளம். “80 பிளஸ்” முத்திரை இருந்தால் மின்சாரம் வீண் வெப்பமாகப் போவது குறையும். ஆனால் அது சிக்கனத்தின் அடையாளமே அன்றிப் பாதுகாப்பின் அடையாளம் அன்று. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து காப்பு உண்டா என்று தனியே கேட்டறிய வேண்டும். என் பெட்டியில் இல்லாமற்போனது இந்தக் காப்புதான்.

2. மதர்போர்டு

பாடநூலில் தாய்ப்பலகை என்று நாம் படிப்பது இதுவே. இதன் ஆயுளை நிர்ணயிப்பவற்றுள் முக்கியமானவை மின்தேக்கிகள். 2000-ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் தரங்குறைந்த திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் உலகெங்கும் உப்பி வெடித்து, எண்ணற்ற பலகைகளைப் பாழாக்கின. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இத்தகைய மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 85 பாகையில் 2000 மணி நேரம் உழைக்கும் மின்தேக்கி, 65 பாகையில் 8000 மணி நேரம் உழைக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்றால் 1000 நாட்கள். மூன்றாண்டுகூட முழுமையாக இல்லை. 105 பாகையில் 2000 மணி நேரம் என்று குறித்த மின்தேக்கியோ, அதே 65 பாகையில் 32,000 மணி நேரம், அதாவது 4000 நாட்கள் உழைக்கும். சில ரூபாய் வேறுபாடு எட்டாண்டு வேறுபாடாகிறது! இக்காலப் பலகைகள் பலவற்றில் திரவமற்ற திட மின்தேக்கிகள் உள்ளன. பிராசசரை அடுத்துள்ள மின்சுற்றின் மேல் வெப்பம் கடத்தும் உலோகத் தகடு பொருத்தப்பட்ட பலகையாகப் பார்த்து வாங்குங்கள். 2003 மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை வெப்பம் பதிவான ஊர் நம் ஊர் என்பதை மறக்கலாகாது.

3. ராம் என்னும் நினைவகம்

காரணமின்றிப் பொறி நின்றுபோவதும், நீலத்திரை தோன்றுவதும் பல வேளைகளில் நினைவகக் கோளாறே. பெரிய கணிப்பொறி நிலையங்களில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை நேர்ந்ததைக் காட்டியது. மதர்போர்டு நிறுவனம் சோதித்து வெளியிடும் பட்டியலில் உள்ள ராமையே வாங்குவது நலம். ஒரே பெட்டியில் வரும் இரட்டைத் துண்டுகளாக இருப்பின் இன்னும் நன்று. விளம்பரத்தில் கண்ட மிகை வேகத்தில் ஓட்டாமல், தரநிலை வேகத்தில் ஓட்டினால் பிழைக்கு இடம் குறையும். வாங்கிய அன்றே, நினைவகத்தைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்’ என்ற மென்பொருளை ஓரிரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

4. சேமிப்பு

சுழலும் ஹார்ட் டிஸ்க் கெடுமுன் கரகரவென்று ஓசையெழுப்பி எச்சரிப்பதுண்டு. எஸ்.எஸ்.டி. வேகமானது, அதிர்ச்சி தாங்குவது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நின்றுவிடக்கூடும். எதை வாங்கினாலும் மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியைக் கைக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வெளியே என்பதன் பொருளை 2015 டிசம்பர் வெள்ளம் நமக்குக் கற்பித்தது. பெட்டியும் படியும் ஒரே மேசையடியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். அத்தை வீட்டில் ஒரு படியை வைத்திருப்பதுகூடச் சிறந்த ஏற்பாடே.

5. வீட்டில் செய்ய வேண்டியவை

கேபினட்டைத் தொட்டால் ‘சுள்’ளென்று இழுக்கிறதா? அது எர்த் இணைப்பு இல்லை என்பதன் அறிகுறி. நம் பகுதியின் பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தும் எர்த் கம்பி இல்லாதிருப்பதுண்டு. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யுங்கள். அடுத்து யு.பி.எஸ். 600 வி.ஏ. யு.பி.எஸ். பலவும் 360 வாட் தாங்குபவை. கணிப்பொறிக்கு 150, மானிட்டருக்கு 25 என்றால் 175 வாட். எனவே வேலையைச் சேமித்து முறையாக அணைக்க வேண்டிய அவகாசம் கிடைக்கும். அதன் பேட்டரியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

காற்று உள்ளே வர ஒரு ஃபேன், வெளியேற ஒரு ஃபேன், கழற்றிக் கழுவத்தக்க வலை கொண்ட கேபினட் ஆகியவை போதும். வண்ண விளக்குகள் வேண்டா. பின்புறத் துளைகள் திறந்து கிடந்தால் பல்லி நுழைந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும். தகடு வைத்து மூடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஓரடி உயரத்திலேனும் வையுங்கள்.

6. வாங்கும் முறை

அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெரு, வானொலி உதிரிப் பாகக் கடைகளாகத் தொடங்கி, டில்லியின் நேரு பிளேசுக்கு அடுத்ததாகச் சொல்லப்படும் அளவுக்கு வளர்ந்த சந்தை. பட்டியல் எழுதிக்கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவரோடு செல்லுங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். “பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்” என்பார் ஒருவர்; மயங்காதீர்கள். ஒவ்வோர் உறுப்பின் சீரியல் எண்ணும் எழுதிய ரசீது இல்லையேல், உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் கையை விரிப்பார்கள். பணம் போதாவிட்டால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள். பவர் சப்ளையில் இறங்காதீர்கள். வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம், இழப்பைப் பொறுப்பது அரிது.

இப்போது என் தாயார் தம் ஊர்க் கதைகளைச் சொல்கிறார். நான் தட்டச்சு செய்கிறேன். பொறி பழைய பிராசசர் கொண்டதே, மெதுவாகத்தான் திறக்கும். ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது படியை எடுத்துத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். மாணவியரே, இந்த மலரை மூடிவைத்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் திரும்பக் கிடைக்காதது எது என்று பாருங்கள். அதற்கு இன்றே ஒரு படி எடுங்கள்.