தீ கற்பித்த பாடம்

நுழையும்முன்

அடுக்குமாடிகள் நகர வாழ்வை எளிதாக்கின. தீ பரவும் வழிகளையும் பெருக்கின. அவ்வழிகளை எதிர்கொண்ட சென்னைத் தீயணைப்புத் துறையின் வரலாற்றை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

சென்னையில் தீயணைப்புப் பணி 1908ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் மிகுந்திருந்த அந்நாளில், தரையில் நின்றே தீயை எதிர்கொள்ள முடிந்தது. நகரம் மேல்நோக்கி வளர்ந்தபோது நிலைமை மாறியது. 1959இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்ட 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் சென்னையின் பெருமிதமாகத் திகழ்ந்தது. 1975 சூலை 11 அன்று அக்கட்டடத்தில் தீப்பற்றியது. உயரத்தை எட்டும் ஏணியின்றி நீர் மட்டும் இருந்து பயனில்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 1985இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம், தீயை அணைப்பதோடு தீத்தடுப்பு நடவடிக்கைகளுக்கும் வழிவகுத்தது.

கட்டடத்தின் உயரம் மட்டுமன்று, அதன் பழைமையும் இடர் தருவதே. 2012 சனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்திலுள்ள கலச மகாலில் தீ மூண்டது. பழைமையான அக்கட்டடத்தின் பகுதி இடிந்து விழுந்ததில் தீயணைப்பு வீரர் அன்பழகன் உயிர்நீத்தார். இந்தியத் தீயணைப்புத் துறையில் அலுவலர் பொறுப்பேற்ற முதல் பெண்களுள் ஒருவரான பிரியா ரவிச்சந்திரன் படுகாயமுற்றார்.

2017 மே 31 அன்று தியாகராய நகர் உசுமான் சாலையில் உள்ள சென்னை சில்க்சு துணிக்கடை தீப்பற்றியது. மேல்தளத்தில் சிக்கிய ஊழியர்கள் மீட்கப்பட்டனர். எனினும், அடைபட்ட கட்டடத்துள் புகையும் வெப்பமும் திரண்டமையால் வீரர்கள் உள்ளே செல்ல இயலவில்லை. சுவரைத் துளைத்து நீர் பாய்ச்ச வேண்டியதாயிற்று. தீ ஒரு நாளுக்கு மேல் நீடித்தது; கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது.

இந்நிகழ்வுகள் உணர்த்தும் உண்மை ஒன்றே. வீரரின் துணிவு எத்துணைப் பெரிதாயினும், தீயை வெல்லும் வாய்ப்பு அவர் வருவதற்கு முன்பே பெரிதும் முடிவாகிவிடுகிறது. கட்டடத்தைச் சுற்றி விடப்படும் இடைவெளி, காற்றோட்டம், பொருள் அடுக்கப்படாத படிக்கட்டு, பூட்டப்படாத அவசர வழி ஆகியவையே அதனை முடிவு செய்கின்றன. மயிலாப்பூரின் மாட வீதியிலோ தியாகராய நகரின் கடைத்தெருவிலோ வழிமறித்து நிறுத்தப்படும் ஒரு வண்டி, தீயணைப்பு ஊர்தியின் பொன்னான நிமிடங்களைக் களவாடுகிறது. வீரர் உயிரைப் பணயம் வைக்கிறார். வழியைத் திறந்து வைப்பது குடிமக்களின் கடமை.

தெரிந்து தெளிவோம்

1944 ஏப்ரல் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் வெடித்தது. அங்குத் தீயணைக்கச் சென்று உயிர்நீத்த வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் தீயணைப்போர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளியின் அவசர வழிகளைப் பார்வையிட்டு, அவை தடையின்றி உள்ளனவா என்பது குறித்து அறிக்கை எழுதுக.