கைப்பை பழுதடைந்தால்: திருத்துமிடமும் வாங்கியவரின் உரிமையும்

கைப்பையின் வார் அறுந்ததும் பலர் நேரே சப்பாத்துத் திருத்தும் கடைக்குச் செல்கின்றனர். அதற்கு முன் பை எங்கே, எப்போது வாங்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன் கடையில் வாங்கிய புதிய பையின் கைப்பிடி தையல் விட்டுக் கழன்றதெனக் கொள்வோம். உரியவர் அதைத் தம் செலவில் தைப்பித்துவிட்டால், குறைபாட்டிற்கான சான்று அத்தையலோடு மறைந்துவிடும்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, வணிகர் விற்கும் பொருள் திருப்திகரமான தரமுடையதாய் இருத்தல் வேண்டும். குறைபாடுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கோரலாம். அதன் பின், கடை அதனைத் தன் செலவில் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ வேண்டும். ஒருமுறை திருத்தியும் குறை நீங்காவிடில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அவ்வாறன்று என நிறுவும் பொறுப்பு கடைக்குரியது. “உற்பத்தியாளரிடம் போங்கள்” என்னும் மறுமொழி செல்லாது. ஒப்பந்தம் கடையுடனேயே ஏற்பட்டது. பற்றுச்சீட்டு தொலைந்திருப்பின் வங்கிக் கணக்கறிக்கையும் சான்றாகும். ஆயினும் நாட்பட்ட தேய்மானத்திற்கோ, அளவுக்கு மீறிய பாரத்தால் அறுந்த வாருக்கோ கடை பொறுப்பாகாது. தனியாள் ஒருவரிடம் வாங்கிய பழைய பைக்கு இத்தரப் பாதுகாப்பு இல்லை.

உரிமை இல்லாதவிடத்தே திருத்துநரைத் தேடலாம். தோல் வாருக்கும் கொக்கிக்கும் சப்பாத்துத் திருத்துநரே ஏற்றவர். சிப்பும் உட்துணியும் பழுதாயின் உடை திருத்தும் தையற்கடை போதும். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’ முறையில் தன்னார்வலர்கள் பல ஊர்களில் இலவசமாகத் திருத்தி உதவுகின்றனர். அயலில் உள்ளதா என நூலகத்தில் விசாரிக்கலாம். வீட்டிலேயே பசையிட்டு ஒட்டுதல் வேண்டாம். தோல் விறைத்து, பின்னர் தைப்பது கடினமாகும்.

பையை ஒப்படைக்கும்போது உள்ளிருப்பவற்றை எடுத்துவிட்டு, அதனைப் படம் பிடித்து வைத்தல் நன்று. செய்யவேண்டிய வேலை, கூலி, திருப்பித்தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். கூலி முன்கூட்டிப் பேசப்படாவிடினும் நியாயமான தொகையே அறவிடப்படலாம். வேலை கவனக்குறைவாகச் செய்யப்பட்டிருந்தால் மீண்டும் செய்துதரும்படி கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. மீளப்பெறாமல் விடப்படும் பொருளை, முறைப்படி அறிவித்தல் அனுப்பிய பின் விற்பதற்கு 1977ஆம் ஆண்டுச் சட்டமொன்று திருத்துநருக்கு இடமளிக்கிறது. ஆகவே முகவரி மாறினால் கடைக்கு அறிவித்தல் வேண்டும்.