பாதிப் படம் முழுப் படமாகும் விதம்

திருமலைப் பிரம்மோற்சவக் கருட சேவை, சித்தூர் இல்லம் ஒன்றின் பழைய ஒளிநாடாவில் பதிவாகியுள்ளது எனக் கொள்வோம். கணினியில் காணும்போது, நகரும் வாகனத்தின் விளிம்பு சீப்புப் பற்களைப் போல் தெரிகிறது. ஏன்?

பழைய இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்திற்கு 625 கிடைக்கோடுகள். ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறி மாறிப் பதிவாகும். நொடிக்கு 50 அரைப்படங்கள். ஓர் அரைப்படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே வாகனம் நகர்ந்துவிடுகிறது.

இன்றைய திரைக்கு முழுப்படம் தேவை. ஆகவே காணொளி இயக்கும் மென்பொருள், அசையாத கோபுரத்தில் இரு அரைப்படங்களையும் பின்னுகிறது. அசையும் வாகனத்தில், விடுபட்ட கோடுகளை அண்டைக் கோடுகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. ஊகித்த கோடுகள் உண்மைப் பதிவு ஆகா. ஆதலின் மூல ஒளிநாடாவைப் பேணுதல் நன்று.

வினா: கோபுரத்தின் விளிம்பில் சீப்புப் பற்கள் தோன்றாதது ஏன்?