முழுக்கோதுமை ரொட்டியும் மாவு பிசையும் யந்திரமும்

குள்ளஞ்சாவடியைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் முந்திரி, மணிலாக்கொட்டை, கம்பு முதலியன பயிராகின்றன. கோதுமை இங்கு விளைவதில்லை. எனினும் கோதுமை புழங்காத வீடு இக்காலத்தில் அரிது. அதைச் சப்பாத்தியாகச் செய்வதற்கு உபதேசம் வேண்டியதில்லை. ஆனால் தவிடு நீக்காத மாவை ரொட்டியாகச் சுட முயல்வோர் பலர் நஷ்டமடைந்து, பழியை யந்திரத்தின்மேல் சுமத்துகின்றனர்.

சென்ற கோடையில் இவ்வட்டாரத்து மகளிர் குழுவொன்று, ரொட்டி சுட்டு விற்கும் எண்ணத்துடன் வீட்டு உபயோகத்துக்கான மாவு பிசையும் யந்திரமொன்றை வாங்கியது. ரொட்டி செங்கல்போல் இறுகியது. யந்திரத்துக்கு வலிமை போதாதென்று கருதி, கடன் பெற்றுப் பெரிய யந்திரம் வாங்க அவர்கள் தீர்மானித்தனர். நானும் முதலில் அவ்வாறே ஐயுற்றேன். பிறகு அதே யந்திரத்தில், நீரைக் கூட்டி, மாவை ஊறவைத்து, உஷ்ணத்தைக் குறைத்துப் பிசைந்து பார்த்தோம். ரொட்டி நன்றாக எழும்பிற்று. குற்றம் முறையிலேயே இருந்தது. கடனும் தவிர்ந்தது.

யந்திரத்தின் வரலாறு: அமெரிக்காவில் ஹோபார்ட் கம்பெனியின் பொறியாளரான ஹெர்பர்ட் ஜான்ஸ்டன் என்பவர், ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் இரும்புக் கரண்டியால் மாவைக் கிளறி வருந்துவதைக் கண்டு, 1908-ஆம் வருஷத்தில் இதனை அமைக்கத் தொடங்கினார் என்பர். வீடுகளுக்கேற்ற சிறிய யந்திரம் 1919-ஆம் வருஷத்தில் கிச்சன்எய்ட் என்னும் பெயரால் வெளிவந்தது. கையின் வேலையைக் கொக்கி செய்கிறது, அவ்வளவே. மாவின் குணத்தை அது மாற்றாது.

ரொட்டி இறுகுவதன் காரணம்: கோதுமையிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து ரப்பர்போன்ற பசையாகிறது. ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை இப்பசையே பிடித்து வைத்து ரொட்டியை எழுப்புகிறது. முழுமாவிலுள்ள தவிடு நீரை மெதுவாக உறிஞ்சும். ஊறாத தவிட்டின் கூர்மையான துணுக்குகள் பசையை அறுத்துவிடும். கல் ஏந்திரத்தில் அரைத்த மாவு மைதாவைவிட அதிக நீரை ஏற்கும். ஆகையால் மைதாவுக்குச் சொல்லிய நீரளவை இதற்குக் கொள்வது தவறு. சம்பாக் கோதுமையின் பசை வலிமை குறைந்தது. அதை ரவைக்கும் உப்புமாவுக்கும் வைத்துக்கொண்டு, சப்பாத்திக் கோதுமையையே ரொட்டிக்கு அரைத்தல் நலம்.

அளவுகள்: ஒரு ரொட்டிக்கு மாவு 500 கிராம், நீர் 360 கிராம், உப்பு 9 கிராம், வெல்லத்தூள் 20 கிராம், மணிலா எண்ணெய் 20 கிராம், நேரே மாவில் கலக்கத்தக்க உலர் ஈஸ்ட் 5 கிராம். கம்பு மாவு சேர்க்க விரும்புவோர் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் சேர்க்கலாகாது. கம்பில் அப்பசை இல்லை.

உஷ்ணக் கணக்கு: பிசைந்த மாவு 26 டிகிரி செண்டிகிரேடில் இருத்தல் உத்தமம். 26-ஐ மூன்றால் பெருக்க 78 ஆகும். அதிலிருந்து அறையின் உஷ்ணம், மாவின் உஷ்ணம், யந்திரத்தின் உராய்வால் ஏறும் உஷ்ணம் ஆகிய மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது நீரின் உஷ்ணம். அறையும் மாவும் 32 டிகிரி, உராய்வு 8 டிகிரி எனக் கொண்டால், நீர் 6 டிகிரியில் இருக்கவேண்டும். அதாவது நம் கோடையில் பனிக்கட்டி நீரே ஏற்றது. குளிர்தேசத்தார் எழுதிய முறைப்படி வெதுவெதுப்பான நீரை ஊற்றினால், மாவு விரைவில் புளித்துத் தளர்ந்துவிடும்.

செய்முறை: நீரில் ஒரு கைக்கரண்டியளவு நிறுத்திக்கொண்டு, மற்றதை மாவுடன் உலர்ந்த இடமில்லாதபடி கலந்து, மூடி, அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் ஊறவைக்கவேண்டும். இதுவே முழுமாவுக்கு முக்கியமான படி. பிறகு ஈஸ்ட், உப்பு, வெல்லம், நிறுத்திய நீர் ஆகியவற்றைச் சேர்த்து, கொக்கியை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் 2 நிமிஷமும், அடுத்த வேகத்தில் 6 முதல் 8 நிமிஷமும் பிசையவேண்டும். எண்ணெயைக் கடைசியாகச் சேர்க்கலாம். நடுவில் ஒருமுறை நிறுத்தி, மாவின் சூட்டையும் மோட்டாரின் சூட்டையும் பார்த்தல் அவசியம். மோட்டார் முனகினாலும் யந்திரம் மேசைமேல் நகர்ந்தாலும் உடனே நிறுத்தவேண்டும். கொக்கி சுழலும்போது கையையோ கரண்டியையோ பாத்திரத்துள் இடலாகாது.

மாவு இருமடங்காகும்வரை மூடிவைத்து, உருட்டி, எண்ணெய் தடவிய தகரத்திலிட்டு, மீண்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எழும்பியதும் அடுப்பிலேற்றலாம். அதற்குமேல் காத்திருந்தால் ரொட்டி நடுவில் அமுங்கும். 190 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம் சுட்டு, நன்றாக ஆறியபின்னரே அறுக்கவேண்டும்.

யந்திரம் இல்லாதார்க்கு: 2011-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தால் பல குடும்பங்கள் கிரைண்டர் பெற்றன. மேசைக் கிரைண்டர்கள் சிலவற்றுக்கு மாவு பிசையும் துணைக்கருவி உண்டு. குழவிக் கற்களை எடுத்துவிட்டு அதனைப் பொருத்தி, செய்தவர் குறித்த எடைக்குள் பிசையலாம். மிக்சியின் கத்தி பசையை வெட்டி மாவைச் சூடாக்குவதால் ரொட்டிக்கு ஆகாது. நன்கு ஊறிய மாவைக் கையாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பிசைந்துவிடலாம்.

ஆகையால் ரொட்டித் தொழிலுக்கென்று கடன் கேட்டு வரும் குழுவினருக்குக் கிராம அதிகாரிகளும் நிலக்காரர்களும் கூறவேண்டிய யோசனை ஒன்றுண்டு. முதலில் கையாலோ உள்ள கருவியாலோ பத்து ரொட்டி சுட்டுப் பார்க்கட்டும். பத்தும் ஒரேவிதமாக எழும்பினால் யந்திரத்தைப் பற்றி யோசிக்கட்டும். முறையறிந்தபின் வாங்கும் யந்திரம் உழைப்பைக் குறைக்கும். முறையறியுமுன் வாங்கும் யந்திரம் கடனையே கூட்டும்.