விருந்தினர் எடுத்த விழாப் படங்களைத் திரட்டிப் பகிரும் முறை

வன்னிப் பெருநிலப்பரப்பிலே ஒரு கூட்டுறவுச் சங்கமோ, ஆடைத் தொழிற்சாலையோ, அரிசி ஆலையோ, வங்கிக் கிளையோ தன் ஆண்டு விழாவையும் வாணி விழாவையும் ஒளிவிழாவையும் ஓய்வுபெறுவோருக்கான சேவைநயப்பு வைபவத்தையும் நடத்தும்போது, ஸ்ரூடியோவிலிருந்து வரும் படப்பிடிப்பாளர் மங்கள விளக்கேற்றலையும் பொன்னாடை போர்த்தலையும் பிரதம விருந்தினரின் உரையையும் முறைப்படி எடுத்துத் தந்துவிடுவார். ஆனால், மண்டபத்தின் பின்வரிசையில் நெடுநாட் பின் சந்தித்த இரு தோழியர் கைகோத்து நின்றதும், சமையலிடத்திலே பாயசக் கிடாரத்தைச் சுற்றி நின்றோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்ததும், பரிசு பெற்ற மகளைத் தந்தை தூக்கிக் காட்டியதும் அவர் பார்வைக்கு அகப்படுவதில்லை. அவையெல்லாம் சபையில் இருந்தோரின் கைபேசிகளிலே பதிந்து, கேட்பாரின்றி அங்கேயே கிடந்து, கைபேசி பழுதாகும் நாளில் அதனோடு மறைந்துபோகின்றன.

இம்மண்ணில் அந்த மறைவு சாதாரண நட்டமன்று. 1996ஆம் ஆண்டிலே கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோதும், 2004 டிசம்பர் 26ஆந் திகதி முல்லைத்தீவுக் கரையைக் கடல் வாரிக்கொண்டபோதும், 2008இன் பிற்பகுதி தொடங்கி 2009 மே வரை சனங்கள் ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி நகர்ந்தபோதும், உரப்பைக்குள்ளே அரிசியையும் காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்பத்தாட்சியையும் வைத்தபின் அல்பங்களுக்கு இடமிருக்கவில்லை. பின்னாளிலே தம் திருமணப் படத்தையோ தந்தையின் முகத்தையோ மீளக் கண்டவர்கள், முன்னொருகால் கனடாவுக்கோ சுவிற்சர்லாந்துக்கோ தபாலிற் போயிருந்த ஒரு பிரதியினாலேயே அதனைக் கண்டார்கள். 2017 பெப்ரவரி 20ஆந் திகதி முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரை அறிந்தோர்க்கு, ஒரேயொரு படத்தின் பெறுமதி எத்தகையதென்று விளக்க வேண்டியதில்லை. ஆதலால், திரட்டுவதைப் பாதி வேலையென்றும், திரட்டியவற்றைப் பல கைகளிலும் பல ஊர்களிலும் பிரித்து வைப்பதை மறுபாதியென்றும் கொண்டு, பின்னதை மனத்திருத்தியே முன்னதைத் தொடங்குதல் வேண்டும்.

முதலாவது கருமம், விழாவுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பது. விழாக் குழுவிலுள்ள எல்லாருக்கும் பொதுவாக விடப்படும் வேலை எவராலும் செய்யப்படுவதில்லை. அப்பொறுப்பாளர் தம் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தாமல், சங்கத்தின் பெயரிலேயே ஒரு கூகுள் கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டுப் பணப்பெட்டகத்தில் வைக்கவேண்டும். இடமாற்றம் மலிந்த நமது அலுவலகங்களிலே, ஓர் எழுதுவினைஞர் வவுனியாவுக்கு மாறிப் போனதும் பல வருடத்துப் படங்கள் அவரோடு போய்விடுவது புதினமன்று. அக்கணக்கு இரண்டு வருடம் எவராலும் திறக்கப்படாது கிடந்தால் கூகுள் நிறுவனம் அதனை நீக்கிவிடக்கூடுமாகையால், ஆண்டுக்கொரு முறையேனும் அதற்குள் நுழைந்து பார்ப்பதும் அவர் கடமையாகும்.

இரண்டாவது, படங்கள் வந்து சேரும் வழியைத் தீர்மானிப்பது. எல்லாருக்கும் பழக்கமான வட்ஸ்அப் குழுவே போதுமென்று பலர் எண்ணுவர். அறிவித்தலுக்கும் நினைவூட்டலுக்கும் அது மெத்தப் பிரயோசனமானதே. எனினும் அதன்வழி சாதாரணமாக அனுப்பப்படும் படம் சுருக்கப்பட்டு, திரையிற் பார்க்க அழகாகவும் பெருப்பித்துக் கழுவும்போது மங்கலாகவும் ஆகிவிடுகின்றது. எடுத்த நேரம் முதலிய விபரங்களும் அதிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. வட்ஸ்அப்பைத் தவிர வேறொன்றும் அறியாதோர், இணைப்புக் குறியை அழுத்தி, படத்தை ‘ஆவணம்’ என்ற வகையிலே அனுப்பினால் மூலப்படம் குறைவின்றி வந்துசேரும். இதைச் செய்து காட்ட ஒரு நிமிடம் போதும்.

ஏனையோர்க்கு என் அபிப்பிராயத்தில் உகந்தது கூகுள் போட்டோஸ் செயலியிலே திறக்கப்படும் பகிர்வு அல்பம். அன்ட்ரொயிட் கைபேசி வைத்திருப்போர் அனைவரிடமும் அனேகமாகக் கூகுள் கணக்கு இருப்பதால் அவர்கள் இலகுவாகப் படத்தைச் சேர்க்கலாம். கணக்கில்லாதோரும் இணைப்பு கிடைத்தாற் பார்க்கலாம். ஆயினும் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும்: விருந்தினர் சேர்த்த படம் அவருடைய சேமிப்பிலேயே இருக்கின்றது, அவர் அதனை அழித்தாலோ அல்பத்தை விட்டு வெளியேறினாலோ அது அல்பத்திலிருந்தும் போய்விடும். ஆகவே அல்பத்தை வாசலாக மாத்திரம் கருதி, வந்த படங்களை உடனுக்குடன் கணினிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

அளவையும் முன்கூட்டியே கணக்கிடுதல் நன்று. கைபேசிப் படமொன்று ஏறத்தாழ நான்கு மெகாபைட் எனக் கொண்டால், அறுபது பேர் ஆளுக்கு இருபது படம் தரும்போது ஐந்து கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். பின்னர் சங்கத்தின் கணக்கில் ஏற்றிவைத்தாலும், கூகுள் இலவசமாகத் தரும் பதினைந்து கிகாபைட்டில் அது தாராளமாக அடங்கும். காணொளிகளோ ஒரு நிமிடத்துக்கே நூறு மெகாபைட்டை எட்டுவன. அவற்றை இணையவழி கேளாமல் நேரே கணினிக்கு வாங்குவதே சிக்கனம்.

மூன்றாவது, விருந்தினர்க்கு அறிவிப்பது. அல்பத்தின் இணைப்பை ஒரு கியூஆர் குறியாக்கி, ஏ4 தாளிலே பெரிதாக அச்சிட்டு, பன்னீர்ச் செம்பும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும் வரவேற்பு மேசையில் ஒன்றும், சாப்பாட்டு மேசையருகே ஒன்றுமாக நிறுத்தவேண்டும். வரவேற்பில் அவசரமாக நுழைவோர் அதைக் கவனியார். தேநீரும் வடையும் கையிலிருக்கும்போதுதான் கைபேசியைத் திறக்க மனம் வரும். இரண்டு வேறுபட்ட கைபேசிகளில் அக்குறியைப் பரிசோதித்த பின்பே அச்சுக்குக் கொடுக்கவேண்டும். அறிவிப்பாளர் தலைமையுரைக்கு முன்னும், சாப்பாட்டுக்கு முன்னும், நன்றியுரையின்போதும் அதனை எடுத்துரைப்பாராக.

நான்காவது, விழா நாளன்று மண்டபத்திலே செய்யவேண்டியது. இதுவே நம் பகுதிக்கு மிக முக்கியமான படி. கிளிநொச்சிக் கூட்டுறவாளர் மண்டபம் போன்ற நகர்ப்புற மண்டபத்தில் இணையம் தடையின்றிக் கிடைக்கலாம். ஆனால் விசுவமடுவுக்கும் நெடுங்கேணிக்கும் திரும்பிப் போகிற அங்கத்தவர், ரீலோட் போட்ட டேற்றாவைச் செலவழித்து நூறு படங்களை ஏற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆதலால், மண்டபத்தின் ஒரு மூலையிலே மேசையொன்றைப் போட்டு, மடிக்கணினி, வெவ்வேறு வகைக் கைபேசிகளுக்கான வயர்கள், மெமரி கார்ட் வாசிப்பான், நீட்சி வயர், அலுவலக இணைய ரவுட்டர் ஆகியவற்றோடு, பொறுமையுள்ள இளைஞர் ஒருவரையோ இளம்பெண் ஒருவரையோ இருத்தவேண்டும். “அம்மா, போனைத் தாங்கோ, இண்டைக்கு எடுத்த படத்தை மட்டும் எடுக்கிறன், மற்றதைத் தொடமாட்டன்” என்று அவர் சொல்லி, உரியவரின் கண் முன்னாலேயே, அவர் காட்டும் படங்களை மாத்திரம் பிரதி செய்யவேண்டும். பிறருடைய கைபேசி அவருடைய வீட்டின் உள்ளறைக்கு ஒப்பானது. பக்கத்தில் மின்னேற்ற வசதியும் இருந்தால், படம் தர வராதோர்கூட சார்ஜ் போட வந்து படத்தைத் தந்து செல்வர்.

ஐந்தாவது, விழா முடிந்து மூன்று நாளுக்குள் நினைவூட்டல் அனுப்பி, இரண்டு வாரத்தில் வாசலை மூடுவது. அதற்கு மேல் தாமதித்தால் ஆர்வம் குன்றிவிடும். வந்த யாவற்றையும் ‘மூலம்’ என்ற கோப்புறையில் இட்டு, அதனை எக்காரணம் கொண்டும் தொடாமல், இன்னொரு பிரதியிலேயே மங்கலானவற்றையும் இரட்டிப்பானவற்றையும் கழிக்கவேண்டும். கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கிலே திகதியை முன்னே இட்டுப் பெயரிட்டால், கணினி அவற்றைத் தானாகவே காலவரிசையில் அடுக்கும்.

இதன்பின் வருவது பெயரெழுதும் வேலை. நான் இதற்கே அதிக நேரத்தை ஒதுக்கச் சொல்வேன். பழைய பாடசாலை மலர்களிலும் சங்க மலர்களிலும் வெளியான கூட்டப் படங்களின் கீழே, “இருப்போர் இடமிருந்து வலம்”, “நிற்போர் முதலாம் வரிசை”, “நிற்போர் இரண்டாம் வரிசை” என்று பெயர்களை முழுமையாகக் குறித்து, இறுதியிலே “சமுகமளிக்காதோர்” என்று அன்று வரமுடியாதவரின் பெயரையும் சேர்க்கும் வழக்கம் இருந்தது. அந்த ஒழுங்கு இன்று கைவிடப்பட்டதால், ஆயிரம் படங்கள் இருந்தும் இருபது வருடத்தின் பின் அவற்றிலுள்ளவர் யாரென்று சொல்ல ஒருவரும் இல்லாத நிலை வரப்போகின்றது. ஆகவே பிரதான படங்கள் இருபதையேனும் தெரிந்தெடுத்து, நெடுங்காலம் பணியாற்றிய இரண்டு மூத்தவர்களைப் பக்கத்தில் இருத்தி, முன்வரிசையில் அமர்ந்த தலைவர் முதல் ஓரத்தில் நிற்கும் சுத்திகரிப்புப் பணியாளர் வரை, முழுப்பெயரையும் ஊரையும் எழுதி வைக்கவேண்டும். அம்மூத்தவர்கள் வந்திருக்கும்போதே, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையிலோ முன்பு வேலை செய்த உறவினர் எவரிடமேனும் பழைய படம் எஞ்சியுள்ளதா என்று விசாரித்து, இருந்தால் ஸ்கான் செய்துகொண்டு உடனே திருப்பிக் கொடுப்பதும் நல்ல கைங்கரியம்.

ஆறாவது, சம்மதம். தம் முகம் முகநூலில் வருவதை விரும்பாதோர் இங்கே பலர். கணவனை இழந்தோர், முன்னொருகால் விசாரணைக்கு உட்பட்டோர், குடும்பத்துக்கு அறிவியாமல் வேலைக்கு வந்தோர் எனப் பலவிதக் காரணங்கள் இருக்கலாம். அவற்றை வினவுவது முறையன்று, விருப்பத்தை மதிப்பதே முறை. வரவேற்பு மேசையில் சிறு வர்ண நாடாக்களை வைத்து, அவற்றைக் குத்தியிருப்போரின் படம் வெளியிடப்படாதென்று அறிவிக்கலாம். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை இனங்காட்டும் தகவலைத் தனிப்பட்ட தரவாகக் கொள்வதால், முகம் தெளிவாகத் தெரியும் படத்தையும் நிறுவனம் அவ்வாறே கருதி நடப்பது பொருத்தம். அங்கத்தவர் மாத்திரம் பார்க்கும் அல்பம் வேறாகவும், விளம்பரத்துக்குரிய சில படங்கள் வேறாகவும் இருக்கட்டும். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் அனுமதி இன்றியமையாதது. சாப்பிடுவோரின் படங்களை அனுமதி கேட்டும் வெளியிடவேண்டாம். பகிர்வு அல்பத்தின் அமைப்பிலே இடவிபரம் காட்டும் வசதியை நிறுத்திவிடுவதும் அவசியம். எவரேனும் தம் படத்தை நீக்கக் கேட்டால், அன்றைக்கே நீக்கவேண்டும்.

ஏழாவதும் இறுதியுமானது, பிரித்து வைப்பது. முழுத் தொகுப்பின் ஒரு பிரதி இணையக் கணக்கிலும், ஒரு பிரதி அலுவலக வன்தட்டிலும், மற்றொன்று வன்னிக்கு வெளியே, கொழும்புக் கிளையிலோ புலம்பெயர்ந்த பழைய அங்கத்தவர் ஒருவரிடமோ இருக்கவேண்டும். பொதுவரலாற்றுக்கு உதவும் படங்கள் அகப்பட்டால், உரியவரின் சம்மதத்தோடு, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளத்துக்குக் கொடுக்கலாம். கைபேசியற்ற அங்கத்தவர்க்கு அவரவர் இருக்கும் படத்தை ஸ்ரூடியோவிலே கழுவி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையிற் கொடுக்கவேண்டும். பெயரையும் திகதியையும் முதலில் உறையின் மேல் எழுதிவிட்டு, அதன் பின்பே படத்தை அதற்குள் வைக்கவேண்டும், ஏனெனிற் படத்தின் முதுகிற் குமிழ்முனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்தின் தழும்பு முகத்தின் மேல் விழும்.